நாலு மில்லி

காலையில் இருபது தாள், மதியத்துக்குப் பிறகு இருபது.
முதல் நாள் பால்பாயிண்டை அழுத்தி அழுத்தி
பெருவிரல் மரத்துப்போய்
ராத்திரி இட்லியைப் பிட்க முடியவில்லை.
மறுநாள் கன்வெர்ட்டர் போட்ட பேனா.
முக்கால் மில்லி சிவப்பு
சோற்றுமணி அடிக்கும் முன்பே வறண்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம்
பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்குப் பஸ் ஏறினேன்.
கீழ ரத வீதியில் மாசானமுத்து கடை.
"மை நிறையக் கொள்ளணும்."
"அவ்வளவு என்ன எழுதுவிய?"
"எழுதமாட்டேன். அடிப்பேன், சுழிப்பேன், கூட்டுவேன்."
அவர் சிரிக்கவில்லை.
முருங்கைக்காய்த் தடிமனில்
கறுப்பு எபோனைட் ஒன்றை எடுத்து வைத்தார்.
உள்ளே பை இல்லை, பிஸ்டன் இல்லை.
உடம்பே மைக்கூடு.
தண்ணீர் ஊற்றி, மூடி, பில் காகிதத்தின் மேல்
முள்ளைக் கவிழ்த்துப் பிடித்து
நூறு எண்ணினேன்.
காகிதம் காய்ந்தே கிடந்தது. வாங்கிவிட்டேன்.

கெமிஸ்ட்ரி வாத்திச்சிக்கு ஒரு வசதி:
லேபில் வேக்குவம் கிரீஸ் உண்டு.
மரையில் கடுகளவு தடவி,
டிராப்பரால் சொட்டுச் சொட்டாக இறக்கி,
விளிம்புக்கு ஒரு நூல் கீழே நிறுத்தினால்
நாலு மில்லி. மூன்று நாளைக்குத் தாங்கும்.

ஞாயிற்றுக்கிழமை அலசினேன், பச்சைத் தண்ணீரில்தான்.
வெந்நீர் பட்டால் எபோனைட்டின் கறுப்பு போய்
பாசி பிடித்த பழுப்பு ஏறும்.
வாஷ்பேசினில் சிவப்பு ஓடுவதைப் பார்த்து
"சாளையா வாங்குன?" என்றார் வீட்டுக்காரர், ஆசையோடு.

மாசானமுத்து சொன்ன ஒன்றை மட்டும் மறந்தேன்:
"நிறைஞ்சு இருக்கையில ஒண்ணும் செய்யாது.
முக்கால் காலியானா ஊத்திருங்க.
கைச்சூட்டுல உள்ள காத்து வீங்கி
கக்கிரும்."
வாயு விதியை வருஷா வருஷம்
கரும்பலகையில் எழுதுகிறவள் நான்.

எட்டாம் நாள். சித்திரை வெயில்.
பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
மின்விசிறி மூன்று சுற்று சோம்பலாகச் சுற்றி நின்றது.
கடைசிக் கட்டில் ஒரு தாள்,
கூட்டல் பெட்டியில் நாற்பது என்று எழுதினேன்.
நாற்பதுதான் தேர்ச்சி.
முள்ளை எடுப்பதற்குள்
பேனா ஏப்பம் விட்டது.
பெட்டியே தெரியவில்லை. குங்குமம் கொட்டினாற்போல் வட்டம்.

சாக்பீஸ் துண்டால் ஒற்றி எடுத்தும் போகவில்லை.
பக்கம் பக்கமாகத் திரும்பக் கூட்டினேன்.
முப்பத்தொன்பது.
இன்னொரு தடவை. முப்பத்தொன்பது.
அந்த நாற்பது எங்கிருந்து வந்தது?
பசியில் வந்திருக்கும்.

"சவத்த விடுங்க டீச்சர்" என்றாள் ஜெபக்கனி,
"நாப்பதுன்னு பக்கத்துல போட்டு
சுருக்கெழுத்து வையுங்க. யாரு பாக்கா?"
யாரும் பார்க்கவில்லை.
மைக்குக் கீழே நாற்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

பேனாவைத் திறந்தேன்.
மரையைத் துடைத்தேன், புதிதாகக் கிரீஸ் தடவினேன்.
தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொண்டேன்.
சொட்டு, சொட்டு.
இடையில் அந்தப் பதினேழாவது கேள்வியை
மூன்றாம் முறையாக வாசித்தேன்.
கையெழுத்து அழகு. 'ழ'வுக்கு வால் நீட்டியிருந்தான், அல்லது நீட்டியிருந்தாள்.
சமன்பாட்டின் வலப்பக்கம்
ஆக்சிஜன் ஒன்று குறைந்தேதான் இருந்தது.

நிறைந்த பேனா
ஒரு சொட்டும் சிந்தாமல் எழுதியது: 39.
மேலே கருணை மார்க் போட ஆள் உண்டு
என்று சொல்லிக்கொண்டேன்.
உண்டா என்று யாரிடமும் கேட்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில்
பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துத் தந்தார் கண்டக்டர்.
வியர்வையில் காயாத கட்டைவிரல்
அதன் மேல் பதிந்தது,
கைநாட்டு மாதிரி.